ராஜாவும் தட்டேந்தும் கடற்கரை

புரட்டாசி பிறந்துவிட்டால் பட்டணத்துச் சகோதரிகளுக்குக் கொலுக் கவலை வந்துவிடும். பரணிலிருந்து மரப்பெட்டியை இறக்க வேண்டும். போன வருஷம் கை ஒடிந்த செட்டியார் பொம்மைக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். எந்த நாளைக்கு எந்தச் சுண்டல் என்று கணக்குப் போட வேண்டும். ஒன்பது நாளும் பொம்மைகள் படியில் சுகமாக உட்கார்ந்திருக்கும். எழுந்தும் உட்கார்ந்தும் இடுப்பு ஒடிவது நாம்தான்!

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கொலு படியில் உட்காருவதில்லை; எழுந்து நடந்தே வருகிறது. காளி வருகிறாள். குறத்தி வருகிறாள். கரடி, குரங்கு, போலீஸ்காரர், பைத்தியக்காரன், கிரீடம் வைத்த ராஜா எல்லோரும் வருகிறார்கள். வந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று தட்டை நீட்டுகிறார்கள். காளியும் நீட்டுகிறாள், ராஜாவும் நீட்டுகிறார்!

அந்த ஊர்தான் குலசேகரன்பட்டினம். தென்பாண்டிச் சீமையில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. ‘குலசை’ என்றால் போதும். குலசை முத்தாரம்மன் கோவில் தசராவை மைசூர் தசராவுக்கு அடுத்தபடியாகச் சொல்லுவார்கள். மைசூரில் யானை மேல் தங்க அம்பாரி போகிறது. பார்க்கிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். குலசையில் தெய்வ வேஷம் போட்டவரே நம் வாசற்படிக்குக் கீழே நின்று கை நீட்டுகிறார். நாம் குனிந்து போடுகிறோம். இரண்டும் தசராதான். ஆனால் எவ்வளவு வித்தியாசம், பாருங்கள்!

போடிநாயக்கனூர் மலையடிவாரத்தில், ராசிங்காபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இவளுக்கு என்ன கடற்கரைக் கதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்களுக்கு மேற்கே பார்த்தால் மலை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் பிரயாணம். அதற்குக் காரணம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பலசரக்குக் கடை. அந்தக் கடைக்கு வருகிறேன். அதற்கு முன், அந்தக் கடலோரத்தைக் கொஞ்சம் சுற்றிக் காட்டிவிடுகிறேன்.

ஒரே கரையில் மூன்று திருவிழா

வெயில் சற்றே தணிந்து, ஐப்பசி மழை இன்னும் இறங்காத இடைக்காலம் இருக்கிறதே, ஆவணியும் புரட்டாசியும், அதுதான் அந்தக் கரைக்குத் திருவிழாக் காலம்.

முதலில் திருச்செந்தூர். அங்கே ஆவணித் திருவிழா பன்னிரண்டு நாள். ஏழாம் நாள் சண்முகர் சிவப்புச் சாத்திக்கொண்டு சிவனாக வருவார். எட்டாம் நாள் வெள்ளை சாத்திப் பிரம்மாவாகவும், பிறகு பச்சை சாத்தித் திருமாலாகவும் வருவார். பெண்கள் அதிகமாகக் காத்திருப்பது பச்சை சாத்திக்குத்தான். கூட்டத்தில் எங்கே திரும்பினாலும் பச்சைப் புடைவையாகத் தெரியும். பத்தாம் நாள் தேர்.

அடுத்தது மணப்பாடு. குலசைக்குத் தெற்கே கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின் மேல் திருச்சிலுவைக் கோவில் நிற்கிறது. 1542-ஆம் வருஷம் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியிருந்ததாகச் சொல்லும் குகை அந்தக் குன்றின் அடியில் இருக்கிறது. செப்டம்பர் 14-ந் தேதி அங்கே திருச்சிலுவைத் திருவிழா. ஒரு விசேஷம் கேளுங்கள்: திருச்செந்தூரில் கடலை ஒட்டி நாழிக்கிணறு, தண்ணீர் உப்புக் கரிக்காது. மணப்பாட்டுக் குகைக்குள்ளும் ஒரு கிணறு, அந்தத் தண்ணீரும் அப்படித்தான். அந்தக் கரைத் தண்ணீருக்கு ஜாதி மதம் தெரியாது போலிருக்கிறது!

மூன்றாவது குலசை. நவராத்திரி முதல் நாள் கொடியேற்றம். பத்தாம் நாள் விஜயதசமி இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். மணப்பாட்டுத் தேதி மாறாது. ஆனால் குலசைத் தேதி சந்திரனைப் பார்த்து நகரும். 2024-ல் அக்டோபர் 12-ந் தேதி விஜயதசமி. 2025-ல் அக்டோபர் 2-லேயே வந்துவிட்டது. ஆகவே, போக நினைப்பவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு ரெயிலுக்கு எழுதுங்கள்.

முத்து ஆற்றும் அம்மன்

முத்தாரம்மன் என்ற பெயருக்குப் பலர் பல விதமாக அர்த்தம் சொல்வதுண்டு. முத்துக் குளித்த கரை அல்லவா, கடல் முத்தோடு சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. மேலெல்லாம் முத்து முத்தாகப் போடும் அம்மை நோயை ஆற்றுபவள், அதனால் முத்து ஆற்று அம்மன் என்பவர்களும் உண்டு. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இரண்டாவது அர்த்தம் சட்டென்று புரியும். எங்களுக்கு முல்லையாற்றங்கரையில் வீரபாண்டிக் கௌமாரியம்மன் இருக்கிறாள். சித்திரையில் அவளுக்கு அக்கினிச் சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுக்காத வீடு இந்தச் சுற்று வட்டாரத்தில் குறைவு. அதுவும் அம்மை கண்ட வீட்டு நேர்த்திக்கடன்தான்.

இதில் ஒரு விஷயம் யோசிக்க வேண்டும். பெரியம்மை இந்தியாவில் கடைசியாகக் கண்டது 1975-ல். உலகத்திலேயே அது ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1980-ல் அறிவித்துவிட்டது. ஊசி போட்டவர்கள் வீடு வீடாக அலைந்து அந்த நோயை விரட்டினார்கள். நோய் போய்விட்டது. நேர்த்திக்கடன் மட்டும் போகவில்லை! ஏன் தெரியுமா? தாய்மார்களின் பயம் போகவில்லை. அம்மைக்காக வேண்டிக்கொண்டவர்களின் பேத்திகள் இன்று பிள்ளை வரத்துக்காகவும், பிள்ளையின் உத்தியோகத்துக்காகவும், அக்கரைச் சீமைக்குப் போனவன் பத்திரமாகத் திரும்புவதற்காகவும் வேண்டிக்கொள்கிறார்கள்.

குலசை நேர்த்திக்கடனுக்குச் சட்டதிட்டம் உண்டு. கடலில் குளித்து மாலை போட்டுக்கொண்டு விரதம் இருக்க வேண்டும். நாற்பத்தொரு நாள் இருப்பவர்களும் உண்டு. வசதிக்கேற்ப இருபத்தொரு நாள், பதினொரு நாள் என்று இருப்பவர்களும் உண்டு. கொடியேற்றம் ஆனதும் கோவிலில் காப்புக் கட்டிக்கொண்டு, அதன் பிறகுதான் வேஷம் போடலாம். காளி வேஷத்துக்கு விரதம் கடுமை. சடைமுடி, நெற்றிப்பட்டம், கண்மலர், வீரப்பல், கையில் வாள் என்று சுமையும் ஜாஸ்தி. அந்தச் சுமையோடு வெயிலில் நடந்தால்தான் தெரியும், காளியாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று!

வேஷம் போட்டபின் ஊர் ஊராகப் போய்த் தர்மம் எடுக்க வேண்டும். பிச்சை என்று அங்கே யாரும் சொல்வதில்லை, தர்மம் என்பார்கள். தனியாக எடுப்பவர்கள் உண்டு. ஊருக்கு ஊர் தசராக் குழு அமைத்து, மேளமும் கரகமுமாக வேனில் கிளம்புகிறவர்களும் உண்டு. எடுத்த காசு அம்மன் உண்டியலுக்குப் போக வேண்டும். லட்சாதிபதியாக இருக்கட்டும், சொந்தக் காசை எடுத்து உண்டியலில் போட்டால் கணக்கில் சேராது. பிறர் கையிலிருந்து வாங்கித்தான் போட வேண்டும். இங்கேதான் இந்தத் திருவிழாவின் சூட்சுமம் இருக்கிறது.

கடைக்கார ஆச்சி

இப்பொழுது எங்கள் தெருக் கடைக்கு வருகிறேன்.

உடன்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். நாற்பது வருஷமாக எங்கள் தெருவில் பலசரக்குக் கடை. கல்லாவில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது ஆச்சிதான். வயது எழுபதை நெருங்குகிறது. அரை கிலோ பருப்பு என்றால் அரை கிலோதான். ஒரு பருப்பு கூடவும் விழாது, குறையவும் விழாது. கடன் கொடுப்பாள். ஆனால் கடன் நோட்டை விரித்து, பாக்கியை நாலு பேர் நடுவே சத்தமாக வாசித்துவிட்டுத்தான் கொடுப்பாள்.

ஆச்சிக்கு ஒரே மகன். மூன்று வயதில் அவனுக்கு மூளைக் காய்ச்சல் கண்டுவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, “பிள்ளை பிழைத்தால் வருஷா வருஷம் வேஷம் கட்டித் தர்மம் எடுத்து உன் உண்டியலில் போடுவான்” என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தான். “மருந்து குடுத்தது டாக்டரு, கும்பிட்டது நான். ரெண்டுல ஒண்ணையும் நான் மறக்கலை, தாயி” என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

பையன் ஐந்து வயதில் குரங்கு வேஷம் போட்டான். பிறகு குறவன், பிறகு போலீஸ்காரர். படித்து முடித்து பெங்களூரில் வேலைக்குப் போனபின் லீவு கிடைப்பது பாடாகிவிட்டது. கல்யாணமும் ஆயிற்று. மருமகளும் படித்த பெண், கெட்டிக்காரி. போன புரட்டாசிக்கு இரண்டு பேரும் ஊருக்கு வந்திருந்தபோது பேச்சு எழுந்தது. நான் காப்பிப்பொடி வாங்கப் போனவள், நகரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் மாட்டிக்கொண்டேன்.

மருமகள் சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் கேட்டாள்: “வேண்டிக்கிட்டது நீங்க, அத்தை. தட்டு ஏந்துறது அவர். விரதம் அவருக்கு, பத்தியச் சமையல் எனக்கு. இதுல அவரை யார் கேட்டாங்க? என்னை யார் கேட்டாங்க?”

மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆச்சி தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வெகு நேரம் துடைத்தாள். பிறகு சொன்னாள்:

“நீ சொல்லுறது சரிதான், ஏட்டி. மூணு வயசுப் பிள்ளைகிட்ட என்னத்தைக் கேக்க? நான் வாங்குன கடன். நானே அடைக்கேன்.”

சொன்னபடியே செய்தாள். விரதம் இருந்தாள். கொடியேற்றத்தன்று குலசைக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு வந்தாள். கிழிந்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, அலுமினியத் தட்டோடு பிச்சைக்காரி வேஷத்தில் எங்கள் தெருவிலேயே இறங்கினாள். முதல் தர்மம் யார் போட்டது என்கிறீர்கள்? வீட்டு வாசலிலேயே மருமகள்தான் போட்டாள். போட்டுவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டாள். பத்து நாள் கடையைப் பார்த்துக்கொண்டது அவள்தான். கம்பெனி வேலையையும் அங்கிருந்தபடியே கம்ப்யூட்டரில் பார்த்தாள்.

புரட்டாசி எங்கள் பக்கத்தில் ஏலக்காய்ப் பறிப்புக் காலம். விடியுமுன்பே ஜீப்புகள் வந்து நிற்கும். பெண்கள் சோற்றுத் தூக்கோடு ஏறி, போடிமெட்டின் பதினேழு வளைவுகளையும் கடந்து மலைத் தோட்டங்களுக்குப் போவார்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது இடுப்பில் வலியும் கையில் ஏல வாசனையும் இருக்கும். குலசைக்குப் போக அவர்களுக்கு ஆசை இல்லாமலா? ஆனால் பறிப்புக் காலத்தில் ஒரு நாள் மட்டம் போட்டால் ஒரு நாள் கூலி போயிற்று.

அப்படித் திரும்பி வந்த ஒரு பெண் ஜீப்பிலிருந்து இறங்கினாள். எதிரே ஆச்சி தட்டோடு நின்றாள். அவள் பெயரில் கடை நோட்டில் முந்நூற்றுச் சொச்சம் பாக்கி. ஒரு நிமிஷம் திகைத்தாள். பிறகு முந்தியை அவிழ்த்துப் பத்து ரூபாயை எடுத்துத் தட்டில் போட்டாள். ஆச்சியின் காலையும் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டாள்.

அன்றிரவு ஆச்சி என்னிடம் சொன்னது இது: “அவ கை மேல இருந்துச்சு, தாயி. என் கை கீழ இருந்துச்சு. நாப்பது வருஷமா நான் கல்லாவுக்குப் பின்னால நின்னு பாத்தது வேற. இன்னைக்குப் பாத்தது வேற.”

அந்த முந்நூறு ரூபாயை ஆச்சி தள்ளுபடி செய்துவிட்டாள் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வியாபாரம் வியாபாரம்தான். பாக்கியை வாங்கிவிட்டாள். நடந்தது வேறொன்று. இப்போதெல்லாம் ஆச்சி கடன் நோட்டைச் சத்தமாக வாசிப்பதில்லை. நோட்டைத் திருப்பி, விரலால் தொட்டுக் காட்டுகிறாள். அவ்வளவுதான். அந்த அவ்வளவு எவ்வளவு பெரிது என்று, கடனுக்குச் சாமான் வாங்கியவர்களுக்குத் தெரியும்.

பத்தாம் நாள் மகன் பெங்களூரிலிருந்து குலசைக்கே நேராக வந்து சேர்ந்தான். வேஷம் கட்ட அல்ல. கூட்டத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள. அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை.

சம்ஹாரமும் சந்தடியும்

விஜயதசமி இரவு குலசைக் கடற்கரையில் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடுகிறார்கள். அம்மன் சூலத்தோடு வருகிறாள். மகிஷாசுரன் தலையை மாற்றி மாற்றி வருகிறான்: யானைத் தலை, சிங்கத் தலை என்று. ஒவ்வொரு தலையும் விழும்போது கரையில் எழும் கோஷத்தில் அலைச் சத்தம் கேட்காது. மறுநாள் காப்பு அவிழ்ப்பார்கள். காளிகளும் ராஜாக்களும் முகத்தைக் கழுவிக்கொண்டு, பஸ் ஏறி, வேலைக்குப் போய்விடுவார்கள்.

இவ்வளவு கூட்டம் கூடும் இடத்தில் குறை இல்லாமல் இருக்குமா? பக்தியின் பெயரால் சினிமாப் பாட்டும் கூசவைக்கும் ஆட்டமும் நுழைந்தன. குடும்பத்தோடு வந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆபாச ஆட்டம் கூடாது என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு உத்தரவு போட வேண்டியதாயிற்று. கரகமும் குறவன் குறத்தியும் பழைய கலைகள். கலை எது, கூத்தடிப்பு எது என்று கோர்ட்டார் வந்து சொல்லும்படி வைத்துக்கொண்டது நமக்குப் பெருமை இல்லை.

2020-ல் கொரோனா வந்தபோது கொடியேற்றத்துக்கும் சம்ஹாரத்துக்கும் ஜனங்களை விடவில்லை. லட்சம் பேர் நிற்கும் கரையில் ஆள் இல்லை. அந்த வருஷம் பலர் தங்கள் ஊரிலேயே காப்புக் கட்டிக்கொண்டு நேர்த்திக்கடனை முடித்தார்கள். அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை! கூட்டத்தில் இடிபட்டால்தான் பலன் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொரு புதுமையும் அந்த ஊருக்கு வந்துகொண்டிருக்கிறது. சிறிய ராக்கெட்டுகளை ஏவும் தளம் ஒன்றுக்கு 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினத்தில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து நேரே தெற்கே ஏவினால் இலங்கையின் தலைக்கு மேல் போகாமல் கடல் மேலேயே போய்விடலாமாம், எரிபொருள் மிச்சமாம். ஒரு பக்கம் ராக்கெட், ஒரு பக்கம் காளி வேஷம்! நம் நாட்டில் இரண்டும் ஒரே ஊரில் இருக்க முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

கைக்குழந்தையோடு போகிறவர்கள் பத்தாம் நாள் இரவைத் தவிர்த்துவிடுங்கள். மூன்றாம் நாள், நாலாம் நாள் போனால் அம்மனையும் நிம்மதியாகப் பார்க்கலாம், வேஷங்களையும் பார்க்கலாம். திருச்செந்தூர் வரை ரெயில் இருக்கிறது, அங்கிருந்து பஸ். எங்கள் போடிக்காரர்களுக்கும் சௌகரியம் வந்துவிட்டது. 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நிறுத்திய மதுரை ரெயில், 2023 ஜூனில் போடிக்குத் திரும்ப வந்துவிட்டது. மதுரையில் மாறிக்கொள்ளலாம்.

குழந்தையின் சட்டைப் பையில் பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதிய சீட்டு அவசியம். கடலில் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேஷக்காரர்களைப் பார்த்துக் குழந்தை பயந்து அழுதால், “காளி பிடித்துக்கொண்டு போய்விடுவாள்” என்று மேலும் பயமுறுத்தாதீர்கள். தட்டில் ஒரு காசு போடச் சொல்லுங்கள். காசு வாங்கிய காளியிடம் குழந்தைக்குப் பயம் போய்விடும்!

திருவிழாக் கடைகளில் பிளாஸ்டிக் சாமான் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். அது உங்கள் தெருவிலேயே கிடைக்கும். அந்த மண்ணுக்கே உரியது இரண்டு. ஒன்று உடன்குடிக் கருப்பட்டி; புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. பளபளவென்று மின்னினால் சர்க்கரை சேர்ந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். உடைத்தால் உள்ளே மங்கலாக, கறுத்து இருப்பதை வாங்குங்கள். சுக்குத் தட்டிப் போட்ட சில்லுக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள். மற்றொன்று, மணப்பாட்டுப் பெண்கள் பனை ஓலையில் முடையும் பெட்டிகளும் கூடைகளும். பேரம் பேசுங்கள், ஆனால் ஓலையைக் கிழித்துச் சாயம் ஏற்றிப் பின்னிய விரல்களை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வேண்டுதலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆபத்து வேளையில் தாய் வாயில் என்ன வரும் என்று யாரும் சட்டம் போட முடியாது. பிள்ளை கண் திறந்தால் போதும் என்று எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுவோம். ஆனால் நேர்த்திக்கடனும் கடன்தானே? அதில் கையெழுத்துப் போட்டவர்தான் அடைக்க வேண்டும். மகன் மொட்டை போடுவான், மருமகள் அங்கப்பிரதட்சணம் செய்வாள் என்று பிறர் தலையில் எழுதிவைப்பது சுலபம். “நான் செய்கிறேன்” என்று சொல்லுவது கஷ்டம். அடுத்த தடவை வேண்டிக்கொள்ளும்போது, சகோதரிகளே, ‘நான்’ என்று ஆரம்பித்து வேண்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பிற்பாடு தாமாக வந்து கையைப் பிடித்துக்கொண்டால், அது அம்மன் கொடுத்த வட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.